மணலுக்குள் ஒரு மல்லிகை ஜடை

எதைப் பார்த்தாலும் வாயைப் பிளக்கிறவனுக்குப் பெண் கொடுப்பதற்கு முன்னால் நன்றாக யோசிக்க வேண்டும். குடிக்கிறவன் என்றால் ஊருக்கே தெரிந்துவிடும். சீட்டாடுகிறவன் என்றால் மோதிரம் காணாமல் போகும்போது தெரியும். வியக்கிறவனை மட்டும் யாராலும் முன்கூட்டிக் கண்டுபிடிக்க முடியாது. பார்க்கச் சாதுவாக இருப்பான். ஆபீசுக்குப் போவான், சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுப்பான். ஒருநாள் எங்கேயோ ஒரு ரோஜாப்பூவைப் பார்த்துவிட்டு வந்து, கொலைக் குற்றவாளியாகத் தெரு நடுவில் நிற்பான்.

நின்றவன் நான். தெரு, மயிலாப்பூரில் நாங்கள் அப்போது குடியிருந்த தெரு. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணத்தில் பாதிப் பேர் மூட்டை கட்டிக்கொண்டு ஓடி, குண்டு விழவில்லையே என்ற லேசான ஏமாற்றத்தோடு ஒவ்வொருவராகத் திரும்பிக்கொண்டிருந்த வருஷம் அது.

ரோஜாவை நான் பார்த்தது அடையாற்றில். எங்கள் கம்பெனித் துரையின் பங்களாவுக்குக் காகிதங்களில் கையெழுத்து வாங்கப் போயிருந்தேன். ஆற்றைப் பார்த்த வராந்தா. மேஜைமேல் ஒரு கண்ணாடிக் கூண்டு. கூண்டுக்குள் ஒற்றை ரோஜா. சிவப்பு கொஞ்சம் இருண்டு, பழைய பட்டுப்புடவையின் மடிப்பு மாதிரி இருந்தது. தண்ணீர் இல்லை, ஜாடி இல்லை. சும்மா, அந்தரத்தில் நிற்பதுபோல் நின்றது. நான் காகிதத்தை மறந்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்ததைத் துரைசானி பார்த்துவிட்டாள். (அந்த அம்மாளுக்குத் தமிழ் வரும். வந்த தமிழ் திரும்பிப் போவதற்குள் அவசரமாகப் பேசிவிடுவாள்.)

"அது பூ, ரெண்டு கிறிஸ்மஸ் வயசு. மணல். காஞ்ச மணல். பூ உள்ளே. மேலே மணல். தொடாதே. பொறுமை, பொறுமை, பொறுமை!"

அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அது போதும். அடையாற்றுப் பாலத்தின் மேல் நடந்து வரும்போது ஆற்றைப் பார்த்தேன், வானத்தைப் பார்த்தேன், கடலை நோக்கிச் சரிந்துகொண்டிருந்த கொக்குகளைப் பார்த்தேன். எல்லாம் போய்க்கொண்டே இருந்தன. நீர் போகிறது, ஒளி போகிறது, கொக்கு போகிறது. ஒரே ஒரு பூ மட்டும் போகமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறது! அதற்கு வேண்டியது கைப்பிடி மணல்! (கையெழுத்து வாங்காமல் வந்துவிட்டேன் என்பது வீட்டு வாசலில்தான் ஞாபகம் வந்தது.)

மணலுக்கு எங்கள் வீட்டில் பஞ்சமே இல்லை. யுத்த காலம். குண்டு விழுந்து தீப்பிடித்தால் அணைப்பதற்கு வீட்டுக்கு வீடு மணல் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு. எல்லோரும் இரண்டு வாளி வைத்தார்கள். நான் இரண்டு வாளியோடு, அம்மாவின் பழைய தம்பூராவை வைத்திருந்த ஆள் நீளப் பெட்டியையும் நடையில் போட்டு, சாந்தோம் கடற்கரையிலிருந்து வண்டியில் மணல் அடித்து நிரப்பி வைத்திருந்தேன். எதையும் கொஞ்சமாகச் செய்ய எனக்கு வராது.

கொல்லையில் மல்லிகைக் கொடி ஒன்று, செம்பருத்தி, நந்தியாவட்டை, வேலி ஓரமாகக் கனகாம்பரம். ஒரு பிஸ்கட் டப்பாவில் மணலைப் போட்டு முதலில் செம்பருத்தியைப் புதைத்தேன். பொறுமை, பொறுமை என்று சொல்லிக்கொண்டே பொறுத்தேன். திறந்து பார்த்தபோது புளிக்குழம்பில் குழைந்த கத்திரிக்காய் மாதிரி ஒன்று வந்தது. நந்தியாவட்டை வரவே இல்லை. மணலோடு மணலாக ஐக்கியமாகிவிட்டது.

"செத்த பூவைத் தூக்கித்தானேடா போடுவாங்க? அடக்கம் பண்றவனை இன்னிக்குத்தான் பாக்கறேன்," என்றாள் அம்மா.

பிறகுதான் மூளை வேலை செய்தது. கடல் மணலில் உப்பு இருக்கிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம் குடிக்கும். ஆகவே மணலைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்ப் பல தண்ணீர் விட்டு அலசினேன். மாடியில் பரப்பிக் காயவைத்தேன். அதுவும் போதாமல், கடலை வறுக்கிறவனைப் போல வாணலியில் போட்டு வறுத்தேன், ஆறவிட்டேன், சல்லடையில் சலித்தேன். ஆபீசிலிருந்து வந்ததும் மணல், ஞாயிற்றுக்கிழமை முழுக்க மணல். அம்மா அந்த வாணலியைத் திரும்ப வாங்கிக்கொள்ளவே மறுத்துவிட்டாள். இப்படியே வாளி மணல், பெட்டி மணல் எல்லாம் வறுபட்டுப் பொன்னாகிவிட்டன.

பனி உலர்ந்த பிறகு பறித்த கனகாம்பரம் ஒன்றை அந்த மணலில் நிறுத்தி, விரலிடுக்கால் மணலைச் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக வடியவிட்டு, இதழ் நசுங்காமல் மூடி வைத்தேன். நாட்கள் கழித்து டப்பாவைச் சாய்த்தேன். மணல் வழிந்தது. வழிந்த மணலுக்குள்ளிருந்து முதலில் ஒரு காவி விளிம்பு. பிறகு ஓர் இதழ். பிறகு முழுப் பூ, தூங்கி எழுந்த குழந்தை போர்வையை உதைத்துத் தள்ளுவதுபோல. நிறம் அப்படியே இருந்தது. உள்ளங்கையில் வைத்தால் கனமே இல்லை. ஒரு சொல்லைக் கையில் வைத்திருப்பதுபோல் இருந்தது.

தனத்திடம் ஓடினேன். தனம் என் மனைவி. கல்யாணமாகி மூன்றாவது வருஷம். முதல் பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள்.

"வாசனை இருக்கா?" என்றாள். (கனகாம்பரத்துக்கு என்றைக்கு வாசனை இருந்தது! என்னைக் கிண்டல் செய்யாமல் அவளுக்குப் பொழுது போகாது.)

"முகம் இருக்கு பாரு தனம். முகம் அப்படியே இருக்கு!"

அவள் சிரிக்கவில்லை. பூவை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். கை தானாகப் போய்ப் பின்னலைத் தொட்டது. எனக்குப் புரிந்தது.

அந்தப் பின்னல் சவுரி. இந்த ரகசியம் வீட்டில் எங்கள் இருவருக்கும்தான் தெரியும். பெண் பார்க்கப் போன அன்றைக்கு அம்மா வேறு எதையும் கேட்கவில்லை. பெண்ணை எழுந்து நின்று திரும்பச் சொன்னாள். முழங்காலைத் தொட்ட பின்னலைப் பார்த்தாள், தட்டை மாற்றிவிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு, போன வருஷம், தனம் செங்கல்பட்டில் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தபோது டைபாய்டு சுரம் வந்து, பிழைத்ததே பெரிசு என்று ஆகி, முடி மொத்தமும் கொட்டிப்போனது. திரும்பி வரும்போது அவளுடைய அம்மா சவுரி வைத்துப் பின்னி அனுப்பினாள். என் அம்மாவிடம் "பல் வலி, அதனால்தான் வரத் தாமதம்" என்று சொன்னார்கள். அன்று முதல் தனம் கதவைச் சாத்திக்கொண்டுதான் தலை வாருவாள். சொந்த முடி வளர்ந்து தோளைக்கூடத் தொடவில்லை.

வளைகாப்பு வந்தது. செங்கல்பட்டு மாமியார் முதல் நாளே வந்து, எங்கள் கொல்லைக் கொடி அந்த வருஷத்துக்குக் கடைசியாகக் கொடுத்த மொட்டுகளையெல்லாம் பறித்து, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மகள் தலையில் பூத் தைத்தாள். மல்லிகை மொட்டை ஒவ்வொன்றாகச் சவுரிப் பின்னலின் மேல் ஊசியால் தைத்து, நடுவில் கனகாம்பரக் கோடுகள், அடியில் என் அம்மா கொடுத்த பட்டுக் குஞ்சலம். தனம் வெளியே வந்தபோது என் அம்மாவே கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். பூ ஆறு ஒன்று அவள் முதுகில் இறங்கிக்கொண்டிருந்தது.

பூத் தைத்தால் போட்டோ எடுக்க வேண்டும். நாற்காலியில் உட்காரவைத்து, பின்னல் தெரியும்படி பின்னால் கண்ணாடி வைத்து எடுப்பார்கள். அது இல்லாமல் பூத் தைத்ததற்கே அர்த்தம் இல்லை. லஸ் முனையிலிருந்த ஸ்டூடியோவுக்குச் சீக்கிரமே போனோம். போட்டோக்காரர் கையை விரித்தார்.

"ஃபிலிம் தீர்ந்துபோச்சு சார். கப்பலே வரலியே. பம்பாயிலேருந்து வரணும். வந்ததும் சொல்லி அனுப்பறேன்."

ரிக்‌ஷாவில் திரும்பி வரும்போது தனம் அழவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"நான் உங்ககிட்ட ஒரு நகை கேட்டதில்ல. ஒரு சினிமா கேட்டதில்ல. பொறக்கப் போறது நாளைக்கு, நீ எப்படிம்மா இருந்தேன்னு கேக்கும். அதுக்குக் காட்ட ஒரு படம். அவ்ளோதாங்க."

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று சொல்லியிருப்பான். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். (ரிக்‌ஷாவே ஒரு பக்கம் சாய்ந்தது.)

"ஃபிலிம் வர்ற வரைக்கும் இந்த ஜடை இப்படியே இருக்கும். நான் பொறுப்பு!"

மறுநாள் காலை அவளுடைய அம்மா, பிறகு வந்து மகளை அழைத்துப்போவதாகச் சொல்லி ஊருக்குப் போனாள். என் அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்துத் தம்பூராப் பெட்டியைத் திறந்தேன். தனம் பின்னலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள்.

"பாத்துங்க. குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி."

மணலில் ஒரு நீளப் பள்ளம். அதில் ஜடை. இரண்டு கைகளாலும் மணலை மெல்ல மெல்ல வடியவிட்டேன். மொட்டுகளுக்கு நடுவில் மணல் இறங்குகிற ஓசை, தூரத்தில் மழை வருவதுபோல் கேட்டது. கடைசியாகக் குஞ்சலம் மறைந்தது. பெட்டியை மூடினேன். என்ன செய்திருக்கிறோம் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டில் இருந்த ஒரே சவுரியை நான் புதைத்துவிட்டேன்.

தனம்தான் முதலில் தலையைத் தொட்டுப் பார்த்தாள். "என்னங்க... இப்ப நான் எப்படி வெளியில வர்றது?"

அன்றிலிருந்து தனத்துக்கு நீர்க்கோவை. தலையில் துண்டு. நெற்றியில் சுக்குப் பற்று. அறையைவிட்டு அதிகம் வெளியே வரமாட்டாள். அம்மா சும்மா இருப்பாளா? நொச்சியிலை போட்டு வென்னீர்ப் பானையை இறக்கிவைத்து, போர்வையால் மூடி, வேளாவேளைக்கு ஆவி பிடிக்க வைத்தாள். ஒன்றுமில்லாத நீர்க்கோவைக்காக என் மனைவி வெந்துகொண்டிருந்தாள். "துண்டை எடும்மா, கொஞ்சம் எண்ணெய் வெச்சு வாரி விடறேன்" என்று அம்மா சீப்போடு வரும்போதெல்லாம் நான் ஏதாவது பாத்திரத்தைக் கீழே போடுவேன். வீட்டில் நெளியாத பாத்திரம் இல்லை.

இதற்கு நடுவில் வார்டன் வந்தார்.

ஆரோக்கியசாமி சாந்தோமில் டிரில் மாஸ்டர். எங்கள் தெருவுக்கு ஏ.ஆர்.பி. வார்டன், அதாவது குண்டு விழுந்தால் தெருவைக் காக்க வேண்டியவர். தகரத் தொப்பி, கழுத்தில் விசில், காக்கி அரைக்கால் சட்டை. வீடு வீடாகப் போய் மணல் வாளியில் கைவிட்டுப் பார்ப்பார். அநேகமாக எல்லா வீட்டு வாளியிலும் பூனை அசுத்தம் பண்ணியிருக்கும், அல்லது மழை பெய்து களியாக இருக்கும். என் வாளியில் கைவிட்டவர் அப்படியே நின்றார். மணல் அவர் விரல்களுக்கிடையே தண்ணீர் மாதிரி ஓடியது.

"மிஸ்டர் வேலாயுதம்! இது மணலா, சர்க்கரையா?"

"அலசி, காயவெச்சு, வறுத்து..."

"வறுத்தா! நாட்டுப் பற்று சார் இது, நாட்டுப் பற்று! வர்ற ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் தெருவையே உங்க வீட்டுக்குக் கூட்டியாறேன். எப்படி மணல் வைக்கணும்னு பாத்துக் கத்துக்கட்டும்!"

"தாராளமா வாங்க" என்றேன். யாராவது என்னைப் புகழ்ந்தால் என் வாய் என் பேச்சைக் கேட்பதில்லை. இரண்டு வாளியோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். சனிக்கிழமை மாலை ஸ்டூடியோவிலிருந்து ஆள் வந்தது. ஃபிலிம் வந்துவிட்டது, ஞாயிறு மத்தியானம் வரச் சொன்னார்கள். அம்மா உண்ட மயக்கத்தில் கண்ணயரும் நேரத்தில் ஜடையை எடுத்து, கட்டி, போய், படம் எடுத்துத் திரும்பிவிடலாம். அதற்குப் பிறகு நொச்சி ஆவி பிடிக்க வேண்டாம் என்பதில் தனத்துக்கு அவ்வளவு ஆனந்தம்.

ஞாயிறு காலை தெரு எங்கள் வாசலில் நின்றது. எதிர் வீட்டுப் பங்கஜம் மாமி முன்வரிசையில். ரிக்‌ஷா முனுசாமி கைவண்டியின் நுகத்தில் சாய்ந்துகொண்டு. வார்டன் தெரு நடுவே வைக்கோலைக் குவித்துக் கொளுத்தினார். வாளி மணலை வீசினார். தீ அணைந்தது. கைதட்டல். நான் தலைகுனிந்து கைதட்டலை ஏற்றுக்கொண்டேன்.

"இது சின்ன குண்டு," என்றார் வார்டன். "இப்ப பெரிய குண்டு!" இருந்த வைக்கோலையெல்லாம் போட்டுக் கொளுத்தினார். "பெட்டியைத் திறங்க, மிஸ்டர் வேலாயுதம்!"

"சார், அது வேணாம். அது... அது ஈரம்."

"உங்க வீட்ல ஈரமா? என்னை யார்னு நெனைச்சீங்க?" என்று சிரித்துக்கொண்டே மூடியைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் முழங்கை வரை மணலில் விட்டார்.

விட்ட கை நின்றது. அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் உள்ளேயிருந்து யாரோ அணைத்துவிட்டதுபோல் இருந்தது. மெதுவாகக் கையைத் தூக்கினார். பட்டுக் குஞ்சலம் வந்தது. பிறகு ஜடை. நீளமாக, இன்னும் நீளமாக.

"சேசு! மரியே! சூசையே!" என்று சிலுவை போட்டுக்கொண்டார். போட்டது ஜடை இருந்த கையால்.

"நான் அன்னிக்கே நெனைச்சேன்!" என்று அலறினாள் பங்கஜம் மாமி. "அந்தப் பொண்ணு இத்தனை நாளா ஜன்னல்கிட்டகூட வரலை. ஆத்துல ஆவி ஆவியா புகை வந்துண்டிருந்தது. ஈஸ்வரா, என்னத்தை வேகவெச்சானோ!"

"இன்னா நைனா இது," என்றான் முனுசாமி. "பாத்தா பசு மாரி கீறாரு. உள்ள இம்மாம் வேலை பண்ணிக்கினு கீறாரே!"

கூட்டம் பெட்டியைப் பார்த்தது. ஆள் நீளப் பெட்டி. யாரும் அதற்கு மேல் கிளறிப் பார்க்கத் தயாராக இல்லை. தெருவில் வைக்கோல் எரிந்துகொண்டிருந்தது. அணைக்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தனம் உள்ளே உயிரோடு ஆவி பிடித்துக்கொண்டிருப்பது அம்மாவுக்குத் தெரியும். ஆகவே அவளுக்குக் கொலைச் சந்தேகம் வரவில்லை. அதைவிட மோசமாக ஒன்று வந்தது. குஞ்சலத்தை அடையாளம் கண்டாள். அறைக்கதவைப் பார்த்தாள். தலைத் துண்டு ஞாபகத்துக்கு வந்தது.

"டேய் படுபாவி! புள்ளத்தாச்சிப் பொண்ணோட முடியை அறுத்துட்டியாடா!"

வாசல் முழுவதும் மூச்சை இழுத்துக்கொண்டது. கொலையைக்கூட மன்னித்திருப்பார்கள் போலிருந்தது.

"அறுக்கல" என்று சொன்னால் அடுத்த கேள்விக்குப் பதில் சவுரி. அது தனத்தின் ரகசியம், என்னுடையது அல்ல. அந்தக் கணத்தில் எனக்குள் ஒரு பெரிய வீரம் பொங்கியது. (இப்போது நினைத்தால் அது வீரம் மாதிரி இல்லை.)

"ஆமாம்மா. நான்தான் அறுத்தேன்."

"ஏண்டா?"

ஏன்? அதை யோசித்து வைத்திருக்கவில்லை. "வெயில்... தலைக்கு பாரமா இருக்குமேன்னு..."

வார்டன் விசிலை வாயில் வைத்தார். போலீசைக் கூப்பிட அவர் இழுத்த மூச்சு எனக்குக் கேட்டது. அதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அத்தை."

தனம் நடையில் நின்றாள். ஒரு கை வயிற்றின்மேல். நெற்றியில் சுக்குப் பற்று. தெரு முழுவதையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு தலைத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டாள். குட்டை முடி ஆவி பிடித்த ஈரத்தோடு நாலா பக்கமும் நின்றது.

"அவரு அறுக்கல அத்தை. அறுக்க இங்க ஒண்ணும் இல்ல. போன வருஷம் சுரத்துல எல்லாம் கொட்டிப்போச்சு. அது சவுரி. ஃபிலிம் வர்ற வரைக்கும் பூ வாடாம இருக்கணும்னு மணல்ல வெச்சோம். எனக்கு ஒரு போட்டோ வேணும்னு நான்தான் கேட்டேன். போட்டோ எடுக்கலைன்னாலும் பரவால்ல. அவரைப் போலீஸ்ல குடுக்க வேணாம்."

அம்மா அந்தக் குட்டை முடியையே பார்த்தாள். நான் மனத்துக்குள் செங்கல்பட்டு ரயிலுக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்தேன். எத்தனை டிக்கெட் என்பதில்தான் குழப்பம்.

"டைபாய்டா?" என்றாள் அம்மா.

"ஆமாம் அத்தை."

"என்கிட்ட பல்லு வலின்னு சொன்னாங்க. உன் பல்லுக்காக நான் கபாலிக்கு வேண்டிக்கிட்டேனேடி!" என்று அவள் பக்கத்தில் போய், அந்தக் குட்டை முடியைத் தொட்டாள். புதிதாய்ப் பிறந்ததன் தலையைத் தொடுகிற கைபோல் இருந்தது அது. தொட்டுக்கொண்டே என் பக்கம் திரும்பினாள். "இவ உசுரோட வந்து நிக்கிறா. நீ அறுத்தேன்கிறே! பொய் சொல்லவாவது தெரியுதா உனக்கு?"

அப்போதுதான் எல்லோரும் ஜடையைப் பார்த்தார்கள்.

வார்டன் அதைக் கீழே வைக்கவும் பயந்து, பிடித்திருக்கவும் பயந்து, இரண்டு கைகளிலும் ஏந்தி நின்றார். கிழக்கு வெயில் நேராக அதன்மேல் விழுந்தது. மணல் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டிருந்தது, ஒளியே உதிர்வதுபோல. உள்ளே மொட்டுகள். ஒன்றுகூட வாடவில்லை, ஒன்றுகூட நசுங்கவில்லை. வெண்மை கனிந்து தந்த நிறம். நடுவில் கனகாம்பரம் நேற்று வைத்த நெருப்புபோல. அத்தனை நாள் இருட்டில் கிடந்து, கடலின் அடியில் கிடந்த எதையோ போல, யாருக்கும் சொந்தமில்லாத அழகோடு அது வெளியே வந்திருந்தது. நான் செய்தது என்று என்னால் நம்ப முடியவில்லை. இன்றைக்கும் நம்ப முடியவில்லை. நான் மணலை மட்டும்தான் வறுத்தேன்.

முனுசாமி தலைமுண்டாசை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான். மாமி மெதுவாகக் கிட்டே வந்தாள்.

"இது என்னிக்கு வெச்ச பூ?"

"வளைகாப்புக்கு."

"பொய் சொல்லாதே. அது ஆச்சே எத்தனையோ நாள்!" என்று மூக்கை அருகே கொண்டுபோனாள். வாசனை இல்லை. அதுதான் அவளை அசைத்துவிட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வைக்கோல் தானாகவே எரிந்து அணைந்தது.

"ஃபிலிம் வந்தாச்சாடா?" என்று அம்மா கேட்டாள். வந்துவிட்டது என்றேன். "அப்ப மத்தியானம் என்ன மத்தியானம்? இப்பவே கிளம்பு. தனம், உக்காரு, கட்டி விடறேன்." ஆசையோடு ஜடையை வாங்கி அந்தக் குட்டை முடியோடு சேர்த்து முடிச்சுப் போடப் போனாள். ஜடை வளைந்தது. உளுந்து சிந்துகிற ஓசையோடு ஒரு கைப்பிடி மொட்டு தரையில் கொட்டியது. எல்லோரும் ஒரே குரலில் "ஐயோ!" என்றார்கள்.

காய்ந்த பூ வளையாது. இதைத் துரைசானி சொல்லவில்லை. நானும் யோசிக்கவில்லை. கட்ட முடியாத ஜடையைத்தான் நான் இத்தனை பாடுபட்டுக் காப்பாற்றியிருக்கிறேன்.

தனத்தின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. அம்மாதான் உள்ளே போய் முறத்தைக் கொண்டுவந்தாள். தன் வெண்பட்டுப் புடவையை நாலாய் மடித்து அதில் விரித்து, ஜடையை நீளவாட்டில் படுக்கவைத்தாள்.

"மடியில வெச்சுக்கோ. பாத்துக்கலாம்."

அப்படியாக நாங்கள் லஸ்ஸுக்குப் போனோம். முன்னால் வார்டன், எந்த விசிலால் என்னைப் பிடித்துக்கொடுக்கப் பார்த்தாரோ அதே விசிலை ஊதி வழி விலக்கிக்கொண்டு. முனுசாமி பல்லக்குத் தூக்குகிறவன்போல் குதிகாலைத் தரையில் பதிக்காமல் ரிக்‌ஷாவை இழுத்தான். தனம் மடியில் முறம். அம்மா பக்கத்தில் முறத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு. பின்னால் தெரு. அதற்கும் பின்னால் நான். டிராம்காரர் வண்டியை நிறுத்திவிட்டு என்ன சாமி புறப்பாடு என்று எட்டிப் பார்த்தார். "மல்லிப்பூ," என்றான் முனுசாமி. டிராம்காரர் ஏன் என்று தெரியாமலே கும்பிட்டார்.

ஸ்டூடியோவில் போட்டோக்காரர் வழக்கம்போல் கண்ணாடியை நகர்த்திக்கொண்டு வந்தார். முதுகில் ஒன்றுமில்லாததைக் கண்டு திகைத்தார்.

"ஜடை எங்கம்மா?"

தனம் நாற்காலியில் நேராக உட்கார்ந்து, முறத்திலிருந்த ஜடையை இரண்டு கைகளாலும் எடுத்து, நிறைந்த வயிற்றுக்கு முன்னால் மடியில் குறுக்காக வைத்துக்கொண்டாள், வீணையைப்போல. அம்மா சீப்பால் அவள் குட்டை முடியை ஒதுக்கிவிட்டாள்.

"இப்படியே எடுங்க," என்றாள் தனம். "என் தலை இதுதான். ஜடை இதுதான். ரெண்டும் தெரியட்டும்."

அவள் அப்படிச் சொன்னபோது எனக்கு நெஞ்சு நிறைந்து ஒரு பெரிய பெருமூச்சு வந்தது. விட்டேன். ஜடையிலிருந்து நாலு மொட்டு உதிர்ந்தன.

"இவனை வெளியில அனுப்புங்க!" என்றாள் அம்மா. வார்டன் என் தோளைப் பிடித்துப் படிக்கட்டில் கொண்டுபோய் நிறுத்தினார். ஆகவே அந்தப் படம் எடுக்கப்பட்டதை நான் பார்க்கவில்லை. திரும்பும் வழியில் ரிக்‌ஷாச் சக்கரம் டிராம் தண்டவாளத்தில் ஏறி இறங்கியது. அந்த ஒரே குலுக்கலில் மொத்தப் பூவும் முறத்தில் பொடியாகிக் கடற்காற்றோடு போய்விட்டது. தனம் வாய்விட்டுச் சிரித்தாள். அந்த வருஷம் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

படம் இப்போது எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. நேராகப் பார்க்கிற கண்கள். ஆண்பிள்ளைக் கிராப்பு மாதிரி முடி. மடியில் மல்லிகை. வருகிறவர்கள் அதன் முன்னால் நின்றுவிடுவார்கள். அப்போதெல்லாம் விளக்கம் சொல்லுகிற உரிமையைக் கல்லூரியில் படிக்கிற என் பெண் எடுத்துக்கொண்டுவிட்டாள்.

"இது எங்கம்மா. மடியில இருக்கிறது அம்மாவோட ஜடை. உள்ள இருக்கிறது நான்."

"அப்பா எங்கேம்மா?" என்று யாராவது கேட்காமல் இருக்கமாட்டார்கள்.

"அப்பாவா? மூச்சு விட்டாருன்னு வெளியில நிறுத்திட்டாங்க."

அன்றிலிருந்து அதுவே எங்கள் வீட்டுச் சட்டமாகிவிட்டது. மழை மேகத்தையோ, பாகற்கொடியின் சுருளையோ, பழுத்த பப்பாளியின் உட்புறத்தையோ பார்த்து நான் நெஞ்சை நிமிர்த்தி மூச்சை இழுத்தால் போதும், அம்மாவும் தனமும் பெண்ணும் ஒரே குரலில் "வெளியில போய் விடுங்க!" என்பார்கள். நானும் எழுந்து போவேன். இன்று மாலை தனம் தலை ஆற்றிக்கொண்டு ஜன்னலோரம் நின்றாள். நரை கலந்த முடியில் வெயில் பட்டது. இதை வாசற்படியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.